இன்னும் ரெண்டு பாடு

முதலில் நெஞ்சு, அப்புறம்தான் சத்தம்.
வின்ச்சு ரோப்பு அறுந்து வந்த வரிசை அது.
என்ஜின் சூடாகிறது என்று கூடப் போயிருந்தேன்.

மண்டபம் ஜெட்டியில் தூக்கி இறக்கினார்கள்.
ராமநாதபுரத்தில் படம் எடுத்த பையன்
திரையை என் பக்கம் திருப்பவில்லை.
நெஞ்செலும்பு மூன்று துண்டு, நடுத்துண்டு உள்ளே குழிந்து,
மூச்சிழுத்தால் எழும்ப வேண்டியது
அமுங்கிப் போனது.

நான்கு நாள்,
இருமும்போதெல்லாம் உள்ளே டக் என்றது
ஆணி தளர்ந்த பலகை போல.
கித்தேரிக்கும் கேட்டது.
கேட்காத மாதிரி ஆரஞ்சு உரித்தாள்.

டாக்டர் ஹபீபா ஒரு தகட்டைக் கையில் தந்தார்.
பிஸ்கட் கனம்கூட இல்லை.
இருபத்தாறு வருஷமாகப் போட்டுக்குத் தகடு அடிக்கிறவன்
வேறென்ன கேட்பேன்,
துருப்பிடிக்குமா டாக்டர், எங்க ஊர் உப்பு.
பிடிக்காது என்றார், சிரிக்காமல்.
திருகாணியின் தலையிலும் மரை.
தகட்டோடு பூட்டிக்கொள்ளுமாம், அதிர்ந்தாலும் கழலாதாம்.
என்ஜின் பெட்டுக்கு இது ஏன் இன்னும் வரவில்லை?

பின்னால் இதயம் இருக்கிறதே என்றேன்.
டீசல் டேங்கை ஒட்டிய பலகையில் துளை போட
டிரில் பிட்டில் சிவப்பு டேப் சுற்றுவேன்,
அந்த இடம் வந்தால் கை நிற்கும்.
நாங்களும் அளந்துதான் போடுவோம் என்றவர்
வாசல்வரை போய்த் திரும்பி
டேப் நல்ல யோசனை என்றார்.

இரண்டு தகடு, பன்னிரண்டு திருகாணி.
இப்போது டக் இல்லை.
இருமல் வந்தால் தலையணையைக் கட்டிக்கொள்கிறேன்.
மூன்று மாதம், ரெண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த மறுநாள் தடைக்காலம் தொடங்கிற்று.
அறுபத்தொரு நாள் கடலுக்கு ஓய்வு,
எனக்கோ வருஷத்துக் கஞ்சி மொத்தமும் அதில்தான்.
போட்டெல்லாம் கரையேறிப் பலகை பிரித்துக் கிடக்க
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
அந்த ஆணி, இல்லை அடுத்தது என்று கை நீட்டுகிறேன்,
அதுவும் ஒரு கை.
வியாகுலத்தின் மகன் கோணலாக அடிக்கிறான்.
என் சுத்தியலை ரேஷன் தராசில் வைத்துப் பார்த்தேன்,
ஒன்றே முக்கால்.
கித்தேரி பிடுங்கிக்கொண்டாள்.

ஞாயிறு பூசை.
எல்லாரும் பாவம் சொல்லி
மும்முறை நெஞ்சில் அடிக்கிறார்கள்.
என் முட்டி
சட்டைக்கு இரண்டு விரல் முன்னால் நிற்கிறது
சிவப்பு டேப் வந்துவிட்ட மாதிரி.

அந்த ரோப்பைத் தடவிப் பார்த்து
இன்னும் ரெண்டு பாடு தாங்கும் என்றது நான்தான்.
அறுந்தது முதல் பாட்டில்.
இதுவரை யாரும் கேட்கவில்லை,
டாக்டரும் கேட்கவில்லை.
நின்ற இடத்திலேயே முட்டி
மூன்று முறை ஆடிவிட்டு
இறங்குகிறது.