ஐந்தாம் பக்கம்

யோபுகோனில், பேருந்து திரும்பும் முனையில்
பால்தேயின் பத்திரிகைக் கடை.
கயிற்றில் துணிக் கிளிப் கடித்துத் தொங்கும்
பதினான்கு நாளிதழ்கள்.
வாங்குகிறவர் எண்ணி இரண்டு பேர்.
நின்றபடி தலைப்பை மேய்கிறவர்
நாற்பதுக்குக் குறையாது.

எதிரில் என் அடுப்பு.
பழுத்த வாழையைச் சீவி எண்ணெயில் விடுவேன்.
புகை அவர்கள் பக்கம் போகும்
பேச்சு என் பக்கம் வரும்
கணக்கு நேர்.

பேர் தெரியாது, பிழைப்பு தெரியாது,
கேட்டால் சொல்வார்கள்.
எண்ணெய் டின் ஏன் ஏறிற்று என்றேன் ஒருநாள்.
'கருங்கடல்' என்றான் அரைக்கால் சட்டைக்காரன்.
'மலேசியா' என்றான் இன்னொருவன்.
'உன் மொத்தக் கடைக்காரன்' என்றான்
பல்குச்சி மெல்லும் லாரிக்காரன்.
மூன்றும் சரியாயிருக்கலாம்.
டின் இறங்கவில்லை.

ஞாயிறு ஆட்டத்தின் பெனால்டி
புதன் வரை ஓடியது.
ஒருவன் என் இடுக்கியைப் பிடுங்கி
மண்ணில் கோல் கம்பம் கீறினான்.
கரித்துண்டுகள் தடுப்பாட்டக்காரர்கள்.
அவித்த முட்டை நடுவர்.
வாக்குவாதத்தின் நடுவில்
நடுவரை யாரோ தின்றுவிட்டார்கள்.

இவர்களில் சட்டை கசங்காதவன் எகூமான்
(கடன் எழுதியதால் இவன் பேர் மட்டும் தெரியும்).
ஜெனீவாவில் யார் கை குலுக்கினார்,
யார் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்,
எந்தப் பயிற்சியாளர் வெள்ளிக்குள் மூட்டை கட்டுவார் -
கேள்வி முடியுமுன் பதில்.

மே மாதத்து மழை. கூட்டம் சிதறியது.
என் தகரத்தடியில் அவனும் நானும்.
அன்றைய பெரிய எழுத்து: எல்லை மூடல்.
என் வெங்காயம் அந்த எல்லை தாண்டித்தான் வரும்.
'உள்ளே என்ன போட்டிருக்கிறது?' என்றேன்.
அவன் மழையைப் பார்த்தான்.
பதினோரு வருஷமாய் நிற்கிறான்
ஒரு தாளையும் திருப்பியதில்லை.

ஈரக் கையோடு முந்நூறு பிராங்க் நீட்டினேன்.
பால்தே நம்பாமல் இருமுறை எண்ணினான்.
எகூமான் பிரித்தான்
அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பதுபோல்.
நான்காம் பக்கம். ஐந்தாம் பக்கம்.
உதடு அசைந்தது, நின்றது,
மறுபடி முதலிலிருந்து அசைந்தது.

'மூடிவிட்டார்கள் என்கிறது மேலே.
மூடப்போவதில்லை என்கிறது கீழே.
நடுவில் ஒரு டிரைவர் பேசியிருக்கிறான்.
ஆறு நாளாய் வண்டியிலேயே தூங்குகிறானாம்.'
'வெங்காயம் வருமா?'
'தெரியலை, அக்கா.'

மறுநாள் வெயில். கூட்டம் திரும்பியது.
யாரோ கேட்டார்கள். எகூமான்
வாய் திறந்தான், மூடினான்.
'பொறு, உள்ளே பார்க்கணும்' என்றான்.
அப்படியொரு சிரிப்பு.
லாரிக்காரன் அவன் இடத்தில் ஏறி நின்று
பல்குச்சியால் உலகத்தைச் சுட்டத் தொடங்கினான்.

எதற்கும் இருக்கட்டுமென்று
ஒரு மூட்டை வெங்காயம் வாங்கிப் போட்டேன்.
பாதி முளைத்துவிட்டது.

இப்போதும் ஏதாவது கேட்கணும் என்றால்
ஓரமாய் நிற்கிறவனைத்தான் கேட்கிறேன்.
அவன் பதில் வருவதற்குள்
ஒரு தட்டு வாழை வெந்துவிடுகிறது.