செவுள்

காசிமேடு, காலை ஆறு.
வெட்டிப் போட்ட காணாங்கத்தைத் தலைகள் வேண்டும் என்றேன்.
"பூனைக்கா?" தேசம்மா நிமிரவில்லை.
புழுவுக்கு.
கத்தி நின்றது.
"எம்மீன்ல புழுவா?
செவுளு திரும்பிடும், ஆமா."

ஷேர் ஆட்டோவில் மடிமேல் தெர்மகோல் பெட்டி;
பக்கத்து ஆள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

லென்ஸுக்கு அடியில்
சிவப்புச் சீப்பின் ஒரு பல்லில்
நொய்யரிசியில் பாதி:
தட்டையாக, கண்ணாடியாக,
குடல் மட்டும் கறுத்து.
குடித்த இரத்தம் இன்னும் செரிக்கவில்லை.
மீன் செத்தது நேற்று.
இதற்கு யாரும் சொல்லவில்லை போல.
சங்கராவில் ஒட்டாது, வஞ்சிரத்தில் ஒட்டாது,
இந்த ஒரு மீன்தான் இதற்குக் கடல்.

பின்புறம் எட்டுக் கவ்விகள்.
ஊசியால் நெம்பினேன்.
ஏழு விட்டன.
எட்டாவது
செவுளில் ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு வந்தது.
பெயர்ச்சீட்டில் இடம், தேதி எழுதினேன்.
அந்தத் துணுக்கைப் பற்றி எழுதக் கட்டம் இல்லை.

மறுநாள்
ஈரச் சாக்குக்கு அடியிலிருந்து
தேசம்மா எடுத்துத் தந்தாள்,
ஒன்பது தலைகள். காசு வேண்டாமாம்.
பிறகு, வஞ்சிரம் கேட்டு வந்தவரிடம்
செவுளைத் தூக்கிக் காட்டியபடியே
என் பக்கம் மெதுவாக:
"ஆளுங்க எதிர்ல மட்டும்
அதும்பேரச் சொல்லாத."