கொட்டியாரக் குடாவுக்கு மறு இலக்கம்

ஜெஸீலின் வள்ளம் காற்று தள்ளின பக்கமெல்லாம் போய்
குடாவின் ஆழத்தை அளந்துகொண்டு வந்தது.
மூதூர் இறங்குதுறையில் 1.
மறுநாள் கிண்ணியாப் பாலத்தடியில் 2.
என்ஜின் நின்றுபோன இடத்தில்
சும்மா இருக்க மனமில்லாமல் 17.
இப்படி இரண்டாயிரத்து நூற்றாறு புள்ளிகள்,
கொப்பியின் ஒரு பக்கம் உப்பில் ஒட்டிப்போய்.

உவர்மலை அறையில் அவற்றை வலையாக முடிந்தேன்.
ஒவ்வொரு முடிச்சுக்கும் ஐந்தாறு அயல்.
தாயத்தை விரித்தால்
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
நடுநடுவே எறிந்த கல்லாய் எண்கள்.
17க்குப் பக்கத்து நீர் 1,940.
ஒரே அலை நனைக்கும் இரண்டு பேர்
இடாப்பில் இவ்வளவு தூரத்தில்.
பழைய கணினி, நினைவு போதாதென்று
இரவு இரண்டு மணிக்குக் கைவிரித்தது.

கடலைத் தொட வேண்டாம்.
பெயரை மட்டும் மாற்று.

எங்கிருந்து தொடங்குவது?
ஒதுங்கிய மூலை ஒன்று வேண்டும்.
மூதூரிலிருந்து அயல் அயலாகத் தாவினேன்;
ஆகக் கடைசியில் கால் பட்டது
தம்பலகாமக் குடாவின் உள்வளைவு, கண்ணாமரச் சேறு.
அங்கிருந்து திரும்பித் தாவினால் பவுல் முனை வெளிச்சவீடு.
இதைவிடத் தூரம் இருக்கலாம். தேடவில்லை.

சேற்றுப் புள்ளிக்கு 1.
அதன் அயலுக்கு 2, 3.
அவர்களின் அயலில் இலக்கம் கிடைக்காதவர்களுக்கு அடுத்தது,
உறவு குறைந்தவர் முன்னே,
உறவுக்கூட்டம் உள்ளவர் பின்னே:
கலியாணப் பந்திக்கு நேர்மாறான சட்டம்.
பாலத்தடியில் ஐந்தைந்து பேராக ஒடுங்கி நுழைந்து
வெளியே வந்ததும் விரிந்தது வரிசை,
சோபர் தீவை இரு பக்கமும் சுற்றிக்கொண்டு.

பிறகு முழுவதையும் தலைகீழாக எண்ணினேன்.
அதனால் பட்டையின் அகலம் ஒரு இழையும் மாறாது.
ஆனால் தீர்க்கும்போது
வெறுமையாய் இருந்த இடங்கள் பல
வெறுமையாகவே விடப்படும்.

2,031 ஆக இருந்த அகலம் 88.
ஆகக் குறைந்தது இதுதானா? தெரியாது.
எல்லா வரிசையும் பார்த்து முடிப்பதற்குள்
குடா தூர்ந்துவிடும்.
விடியும்போது கணினி
வற்றுப்பெருக்கைச் சொல்லத் தொடங்கியது.

ஜெஸீலுக்குப் போன் எடுத்தேன்.
"என்ட ஒண்டு எங்க?"
"1,388."
கொஞ்ச நேரம் என்ஜின் சத்தம் மட்டும்.
"பக்கத்துல ஆரு?"
"1,341, 1,342, 1,387, 1,389, 1,436."
"பழைய ஆக்களா?"
"அதே ஆக்கள்தான்."
"அப்ப சரி. ஆனா
அந்தப் பதினேழத் திருப்பி அளக்கோணும்.
அண்டைக்குக் கயிறு சரிஞ்சு கிடந்தது."

பழைய 17. புதியது 702.
பென்சிலால் வட்டமிட்டேன்.