கட்டியின் மேல் மூன்று எழுத்து

மலைமேல் காலை ஏழுக்கே கல் சுடுகிறது.
யெத்தெர் வாளியில் தாளை நனைக்கிறாள்,
கல்லின் முகத்தில் விரிக்கிறாள்,
தூரிகையால் தட்டுகிறாள்,
கைக்குழந்தைக்கு ஏப்பம் வரத் தட்டுவதுபோல.
எழுத்துக்குள் தாள் இறங்கவேண்டும்.
காய்ந்தபின் உரித்தால்
ஏறக்குறைய ஈராயிரம் வருஷத்துப் பேச்சு
அப்பளம்போல் அவள் கையில் நிற்கும்.

யெத்தெர் என்றால் துருக்கியில் 'போதும்'.
நாலாவதும் பெண்ணாகிப்போனதற்கு
அப்பன் வைத்த முற்றுப்புள்ளி.
நம்மவர்கள் போதும்பொண்ணு என்று வைப்பார்களே,
அதே கணக்கு.
அதற்கப்புறமும் இரண்டு பெண் பிறந்தது வேறு கதை.

சுவரைக் கட்டியவன் பணக்காரன், நோயாளி.
சாகப்போகிற வயசில்,
வாங்கவும் விற்கவும் வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று
தன் ஆசான் சொன்னதையெல்லாம் கல்லில் வெட்டிவைத்தான்.
சாமி உன்னை அடிக்கக் காத்திருக்கவில்லை.
செத்தபின் வலிக்க நீ இருக்கமாட்டாய்.
வேண்டியது கொஞ்சம், அதுவும் எட்டும் தூரத்தில்.
பிறகு பூமி குலுங்கியது.
பிறகு ஆட்டுக்காரர்கள் வந்தார்கள்.
இப்போது சந்தோஷம்
கிணற்று விளிம்பில் பாதி, தொழுவ வாசலில் கால்,
மீதி புல்லில் குப்புறக் கிடக்கிறது.

கெசீனா ஜெர்மனியிலிருந்து வந்து இதைப் படிக்கிறவள்.
இரவில் கூடாரத்துக்குள்
நிம்மதி பற்றிய வரிகளை மொழிபெயர்த்து முடித்து
தூக்க மாத்திரை போட்டுக்கொள்கிறாள்.
"நாற்பத்தோராம் கல்லில் உடைந்துவிட்டது" என்கிறாள்.
"மனுஷனுக்கு என்னென்ன வேண்டும் என்று தொடங்குகிறான்,
ரொட்டி என்கிறான்,
அதோடு மூலை போய்விட்டது."
பதினோரு கோடையாய் அந்த மூலையைத் தேடுகிறாள்.

யெத்தெரின் பாவாடைப் பைக்குள் கைப்பேசி துடிக்கிறது.
வங்கி.
தக்காளிப் பந்தலின் பிளாஸ்டிக் கூரைக்கு வாங்கியது.
"அந்தக் காலத்தில் தவணை உண்டா?"
"உண்டு. கட்டாவிட்டால் அடிமையாய்ப் போகவேண்டும்."
"அப்போ பரவாயில்லை. எனக்குக் குறுஞ்செய்திதான் வருது."

மதியம். துணியை விரித்தார்கள்.
ரொட்டி, ஆலிவ், ஒரு வெங்காயம்,
யெத்தெர் கொண்டுவந்த ஆட்டுப்பால் கட்டி.
வெட்டப்போன கெசீனாவின் கத்தி நின்றது.
கட்டியின் மேல்,
தாளில் பதிகிறமாதிரியே இடவலம் மாறிப் புடைத்து
மூன்று எழுத்து,
நாலாவதின் ஒரு கால்.

யெத்தெருக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று.
தண்ணீர் வடியட்டும் என்று கட்டிமேல் ஏற்றும் கல்.
கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொல்லையில் கிடப்பது.
அடிப்பக்கத்தை யார் பார்த்தார்கள்?
இருபத்திரண்டு வருஷம், வாரம் ஒரு கட்டி.
மாமனார், பிள்ளைகள்,
கோபித்துக்கொண்டு போன நாத்தனார்,
பந்தலை மதிப்பிட வந்த வங்கிக்காரன்கூட
அந்த வாக்கியத்தைத் தின்றிருக்கிறார்கள்.
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஆகியும் இருக்கலாம். யார் அளந்தது?

"என்னதான் எழுதியிருக்கு?"

கெசீனா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து,
மறுபடி துடைத்தாள்.
அவர்கள் மொழியில் அது சின்ன வார்த்தை.
நம் மொழியில் வார்த்தைகூட இல்லை, வால்:
'உம்'.
ரொட்டியும்.
அதற்கப்புறம் மறுபடி உடைசல்.

வெங்காயத்தை முட்டியால் குத்தி உடைத்து
யெத்தெர் ஒரு பாதியை அவள்பக்கம் தள்ளினாள்.
கெசீனா கட்டியைத் திருப்பி
எழுத்தில்லாத அடிப்பக்கமாய் வெட்டிக்கொண்டாள்.
அன்றிரவு தூங்கினாளா என்று யாரும் கேட்கவில்லை.

கல்லுக்கு நாற்பத்திரண்டு என்று எண் போட்டு
ரசீது கொடுத்துக் கொண்டுபோனார்கள்.
யெத்தெர் ஆற்றிலிருந்து வேறொன்று பொறுக்கிவந்தாள்,
வழுவழுவென்று, நல்ல கனம்.

அடுத்த வாரக் கட்டியைக்
கடைக்குட்டி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"கோழிக்கால் எங்கே?"
"என்ன கோழிக்கால்?"
"எப்பவும் இருக்குமே."

தவணை தேதி தாண்டி மூன்றாம் நாள் அது.
அவள் சுண்டுவிரலை நக்கி
நகத்தால் ஒரு கோழிக்கால் கீறிக் கொடுத்தாள்.