அறுநூற்றுப் பதினோரு எட்டு

பள்ளி வரைபடத்தில் மால்டோவா
ஒரு திராட்சைக் கொத்து.
காம்பு வடக்கே, கடைசிப் பழம் தெற்கே.
அந்தப் பழத்தின் அடித்தோலில்
நீலப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தாள் மகள்.
ஆசிரியை அதன்மேல் சிவப்பு மையில்:
"நமக்குக் கடல் கிடையாது."

கிடையாதுதான்.
ஆனால் ஜுர்ஜுலெஷ்ட்டில் டான்யூப் நதி
அரை கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு
இந்த மண்ணை உரசிவிட்டுப் போகிறது.
மேற்கே ருமேனியா, கிழக்கே உக்ரைன்,
நடுவில் ஒரு கதவிடுக்கு.
யாரும் சாத்திவிடாதபடி
அதில் கால் வைத்து நிற்கிறது ஒரு தேசம்.

அக்சேனியாவுக்கு அங்கேதான் வேலை,
லாரி எடைமேடை, இரண்டாம் கூண்டு.
சூரியகாந்தி, மக்காச்சோளம், கோதுமை.
சொரோக்காவிலிருந்து வருபவன் ருமேனிய மொழியில் திட்டுவான்.
கொம்ராத்துக்காரன் ககவூஸ் மொழியில் முனகிவிட்டு
ரஷ்ய மொழியில் பேரம் பேசுவான்.
தராக்லியாவின் பல்கேரியர் சமாக்கோவ்
எதுவும் பேசமாட்டார்,
வறுத்த விதை ஒரு கை ஜன்னலுக்குள் நீட்டுவார்.
அவர் லாரிதான் எப்போதும் இருபது கிலோ குறையும்.

அவள் தெருவில் பதினாறு வீடு.
ஒன்பதுக்குப் பூட்டு.
புதுக் கூரை, புது இரும்புக் கதவு,
கிணற்றுக்கு மேல் புது நீல வண்ணம்,
தண்ணீர் இறைக்க ஆளில்லை.
நெய்தல் இல்லாத இந்த நாட்டில்
பாலை மட்டும் தார் போட்டு நீண்டு கிடக்கிறது
இருபுறமும் அக்ரூட் மரங்களோடு.

அண்ணன் த்ரோஃபிம் போன பாதை.
பதுவாவில் குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறான்.
கடல் அங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்து.
பதினோரு வருஷமாகிறது, போனதில்லை.
"ஞாயிற்றுக்கிழமை பார்சல் வேனுக்கு நிற்கணுமே"
என்பான்.
அந்த வேனில்தான் வருகின்றன
மருமகளுக்குக் காலணியும்
பாஸ்தா பொட்டலங்களும்
ஒருமுறை, உடைந்த நீல ஓடு ஒன்றும்:
"கடல் இந்த நிறம்தானாம். முதலாளி சொன்னார்."

அன்று மதிய இடைவேளையில்
ஆறிப்போன மாமலீகாவை மேசையில் விட்டுவிட்டு
அக்சேனியா கரைக்கு இறங்கினாள்.
எல்லைக் காவலன் லுச்சியான் கேட்டான்:
"எங்கே அக்கா?"
"நாட்டை அளக்க."
"கம்பி வேலி வரைக்கும்தான்."

இருநூற்று நான்கில் ஒரு கப்பல் ஊதியது.
எண்ணிக்கை போயிற்று.
திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.
எண்ணெய்க் குழாய்களைத் தாண்டி,
பளுதூக்கியின் நிழலைத் தாண்டி,
கூடவே வந்த நாயைச் சேர்க்காமல்.
நானூற்றுச் சொச்சத்தில்
கட்டியிருந்த கப்பலின் ஓரம் துருவுக்குச் சாயம் பூசியவன்
அவளைப் பார்த்துத் தூரிகையை ஆட்டினான்.
எங்கிருந்து என்று கையாலேயே கேட்டாள்.
அவன் ஆறு போகும் திசையைக் காட்டினான்.
அவன் பூட்ஸின் விளிம்பில்
உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.
எட்டி ஒரு விரலால் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.
வைக்கவில்லை.
எண்ணை மட்டும் உதட்டில் பிடித்துக்கொண்டு
நடந்தாள்.

வேலி வந்தபோது அறுநூற்றுப் பதினொன்று.

கூண்டில் நான்கு லாரிகள் ஹாரன் அடித்தன.
அடிக்கட்டும்.
பையிலிருந்து நோட்டை எடுத்து
சிவப்பு மைக்குக் கீழே எழுதினாள்:
"611 எட்டு. காலணி அளவு முப்பத்தெட்டு."
தேதி.
கையெழுத்து.
ஒரு நொடி யோசித்துவிட்டு
எடைமேடையின் வட்ட முத்திரையையும் குத்தினாள்,
சூரியகாந்திக்குக் குத்துவதைப் போலவே அழுத்தி.

இரவு மகள் அதை விளக்கடியில்
நெடுநேரம் படித்தாள்.
நீலக் கோட்டின்மேல் விரல் வைத்து
ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.
விரல் நுனியைவிடச் சின்னது.

பிறகு கேட்டாள்:
"டீச்சர் காலுக்கு
எத்தனை வரும்மா?"