கணவாய்ச் சாடி

மணிக்கணக்கில்தான் எனக்குச் சம்பளம்.
பீல் நகரத்து ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
டொக்டர் ஜெர்மனில் கேட்பார், தாதி பிரெஞ்சில் முணுமுணுப்பாள்,
நடுவில் ஒரு கதிரையும் நானும் கொஞ்சம் தமிழும்.

கட்டிலில் ஸ்கொலஸ்திக்கா அக்கா.
மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறவர்,
ஐம்பத்தெட்டு வயதிலும் நடுங்காத விரல்.
நேற்று பஸ் தரிப்பிடத்தில்
நெஞ்சைப் பிடித்தபடி சரிந்திருக்கிறார்,
பால் பெட்டி உடைந்து
சப்பாத்தெல்லாம் வெள்ளை.

குழாய்கள் சுத்தம், அடைப்பில்லை என்றார் டொக்டர்.
"பிறகேன் விழுந்தனான்?"
திரையைத் திருப்பிக் காட்டினார்:
இதயத்தின் கீழ்ப்பாதி ஊதி
கழுத்து மட்டும் ஒடுங்கி,
ஜப்பானில் ஒக்டோபஸ் பிடிக்கிற சாடி மாதிரி.
சொல் தேடித் திணறி
"சாக்குக்கணவாய்" என்றேன்.
அக்காவுக்குச் சிரிப்பு.
"அதுக்குப் போய் ஆரும் சாடி வைப்பினமோ?"

அண்மையில் ஏதும் அதிர்ச்சி? இழப்பு?
"ஒண்டுமில்லை."
ஒன்றுமில்லை, என்றேன்.
வீட்டில் யாருக்காவது?
"வீட்டில ஆரிருக்கினம்?"
யாருமில்லை, என்றேன்.

யன்னலில் ஏரியை மூடி நவம்பர்ப் புகார்.
தாதி சேலைன் மாற்றினாள்.
அந்த இடைவெளியில்
பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்:
"செவ்வாய்க்கிழமை லொசானில அந்தாள் செத்துப் போச்சு.
பதினெட்டு வருசம் பேச்சில்லை.
கடைசியாய் ஒரு தையல் மெசினுக்கும் வழக்குப் போட்ட மனிசன்.
போன் வந்தது. சரி எண்டு வைச்சிட்டுப்
பருப்புக்குத் தாளிச்சனான்.
உப்பும் அளவாத்தான் இருந்தது."

என்ன சொல்கிறார், என்றார் டொக்டர்.

"சொல்லாதேங்கோ தங்கச்சி.
அந்தாளுக்காகவோ என்ர நெஞ்சு இப்பிடி...
வெக்கக்கேடு."

கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று
கையெழுத்துப் போட்டவள் நான்.
"அவருக்குத் தெரிந்த ஒருவர் இறந்துவிட்டார்" என்றேன்.
முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தவர்,
அவ்வளவு ஜெர்மன் அவருக்கும் விளங்கும்.
தலையாட்டினார். தெரிந்த ஒருவர்.

டொக்டர் எழுதிக்கொண்டார்.
மருந்து தருவோம்,
நாலைந்து கிழமையில் இதயம்
அனேகமாகப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.
"பழைய வடிவமெண்டா எது?
எந்த வருசத்தில இருந்தது?"
இதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் கொடுத்தேன்.
டொக்டர் பேனையை மூடினார், திறந்தார்.

படிவத்தில் நேரம் போட்டு
மேலங்கியை மாட்டிக்கொண்டு கதவுவரை போய்விட்டேன்.

"தங்கச்சி,
ஞாயிற்றுக்கிழமை அடக்கமாம்.
நான் போகேல்லை.
சும்மா கேக்கிறன்,
லொசானுக்குக் காலமை
முதல் ரெயில் எத்தினை மணிக்கு?"