இருபத்தாறு

நுர்மெஸிலிருந்து இரண்டு வட்டுகள் வந்தன,
மாவுப் பையை வெட்டிச் செய்த உறையில்.
பீலினென் ஏரியின் பதினான்கு பனிக்காலங்கள்.
அறுபது துளைகள். ஒவ்வொன்றிலும்
பனிக்கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று
நாள்தோறும் ஓர் எண்.
தாவெட்டி அதையெல்லாம் அமிகாவில் பொதிந்து,
ஒரு வட்டில் அடங்காமல் இரண்டாக வெட்டி,
பிசி படிக்கும் விதமாக எழுதி அனுப்பியிருந்தான்.
உள்ளே ஒரு சீட்டு:
ஒட்டு, பிரி, அவ்வளவுதான்.

குவோப்பியோவில் ஓர்வோக்கி ஒட்டினாள்.
முதல் துண்டு, கூட்டல் குறி, இரண்டாம் துண்டு.
வந்தது ஒரு பைட்.

பொதி செய்யும் நிரலை எழுதியவர்கள்
ஒவ்வொரு பொதியின் வாசலிலும்
இருபத்தாறு என்ற எண்ணை நிறுத்தியிருந்தார்கள்.
அந்நாளைய இயந்திர வழக்கில் அதற்கு 'முற்றும்' என்று பொருள்.
யாரேனும் தெரியாமல் பொதியைத் திரையில் கொட்டினால்
குப்பை எழுத்துகள் பொங்கி வராமலிருக்க
ஒரு சின்னத் தந்திரம்.
திரை நம்பும்; நம்பத்தானே வைத்தது.
கூட்டல் குறியும் நம்பிவிட்டது.
எழுத்துப் போடும்போதே 'சுபம்' காட்டிய படம்போல
விளக்கைப் போட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

கட்டளையின் வாலில் ஒரு சாய்கோடு, ஓர் எழுத்து சேர்த்தாள்:
வாசிக்காதே,
சுமந்து மட்டும் வா.

வந்தது. பிரிக்கப் போனாள்.
முந்நூறு பைட் கோப்புக்கு
எழுபத்து மூன்று கோடி பைட் இடம் கேட்டது பிசி.
அவள் சிரித்தாள். காப்பி ஆறிப்போயிருந்தது.
அமிகா எண்ணின் தலையை முன்னால் எழுதும்,
பிசி காலை முன்னால் எழுதும்.
'கெ' என்ற எழுத்தில் கொம்பு முந்தி நிற்கிறது,
ஒலி பிந்தி வருகிறது; நமக்குக் கண் பழகியிருக்கிறது.
இயந்திரத்துக்கு அப்படிப் பழக்கமில்லை.
பைட்டுகளை நான்கு நான்காகத் திருப்பிப் போட
பதினோரு வரி எழுதினாள்,
இரவு இரண்டு மணி வரை.

பிறகு மடமடவென்று விரிந்தன பனிக்காலங்கள்.
ஒன்று மட்டும் நின்றது:
எண்பத்திரண்டு மார்ச், பதினேழாம் துளை.
சரிபார்ப்பு எண் ஒத்துப்போகவில்லை.
பிழிய எதுவுமில்லாத சிறிய கோப்பு,
ஆகையால் நசுக்காமல் அப்படியே வைத்திருந்தது நிரல்.
கண்ணால் படித்தால் குற்றம் தெரியவில்லை,
முப்பத்தொரு எண்கள், ஒழுங்காக.

இலக்கம் இலக்கமாக மாற்றிப் பார்த்தாள்.
ஒன்பதாம் தேதி நாற்பத்து மூன்று.
அதை நாற்பத்தேழாக்கியதும் சரியாகிவிட்டது.
வழியில் எங்கோ ஒரே ஒரு பிட்
கவிழ்ந்திருக்கிறது,
ரயிலிலோ, தபால் பையிலோ, காந்தத்தின் பக்கத்திலோ.

விடிந்ததும் தொலைபேசியில் சொன்னாள், கொஞ்சம் பெருமையோடு.
தாவெட்டி நோட்டைத் தேடும் ஓசை கேட்டது.
"நாற்பத்தொன்று," என்றான்.
"நாற்பத்தேழு. கணக்கு சரியாக வருகிறது."
"நோட்டில் நாற்பத்தொன்று."
அப்புறம், நேரம் கழித்து:
"என் ஒன்றுக்கு மூக்கு நீளம்.
தட்டச்சு செய்யும்போது நானே ஏழு என்று படித்திருப்பேன்."

சரிபார்ப்பு எண் பொய் சொல்லவில்லை.
நீ வைத்தது இதுதான் என்று சத்தியம் செய்தது.
பனிக்கட்டி எவ்வளவு என்று அதை யாரும் கேட்கவில்லை.

நாற்பத்தொன்று என்று திருத்தினாள்.
மீண்டும் பொதிந்தாள், நோட்டைப் பார்க்காமலே,
ஒருவன் குரலை மட்டும் வைத்துக்கொண்டு.
புதிய சரிபார்ப்பு எண் விழுந்தது,
பழையதைப்போலவே உறுதியாக.
"இந்த வருஷம் எப்படி?" என்று கேட்டாள்.
"இன்னும் போகவில்லை. துளைபோடும் கத்தி மழுங்கிவிட்டது,"
என்றான் அவன்.